சனிக்கிழமை வரிசையில் நின்றவன்

இதை எழுத எனக்குத் தகுதி கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது எட்டாவது வரைதான், அதிலும் நடுவில் ஒன்றரை வருஷம் போகவில்லை. கூட்ஸ் ஷெட்டில் மூட்டைகளுக்கு நம்பர் போடுவது என் வேலை. அது தவிர நான் எழுதியவை உறவுக்காரர்களுக்குப் போட்ட கார்டுகள்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. இனி நான் சொல்லப்போகிற இடத்தில் என்னோடு இருந்தவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்கள் எழுதியதாகத் தெரியவில்லை. படிக்கிறவர்கள் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவன் பெயரை எழுதப்போவதில்லை. அவனைக் கேட்காமல் எழுதுகிறேன், பெயரையாவது விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

மகாராஜா காலத்தில் மைசூருக்கு வெளியே, நஞ்சன்கூடு ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தண்டனைக்கு வந்த பையன்களை வைத்து வேலை வாங்குகிற இடம் ஒன்று இருந்தது. சர்க்கார் காகிதத்தில் அதற்கு நல்ல பெயர் உண்டு. நாங்கள் கல் பட்டறை என்போம். ரோட்டுக்கு வேண்டிய ஜல்லியை உடைப்பதுதான் வேலை. எழுபது பேர் இருந்தோம். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கமில்லை. எந்த இடத்திலிருந்து வந்தானோ அந்த இடத்தின் பெயர்தான் பையனுக்கும். என் அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், அதனால் நான் ரயிலு. மண்டி மொஹல்லாவில் ஜேப்படி செய்து மாட்டிய பெரிய பையன் ஒருவன் இருந்தான், அவன் மண்டி. பெயர் எழுதமாட்டேன் என்றேனே, இவன் கொள்ளேகால். உண்மையில் இவன் வீடு ஹனூர் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில், ராகி விதைக்கிற குடும்பம். கொள்ளேகால் அப்போது கோயமுத்தூர் ஜில்லா. நம் ராஜ்யத்துப் பையன்கூட இல்லை, வேற சீமைக்காரன் என்று மேஸ்திரி அடிக்கடி சொல்லுவார்.

வந்த முதல் நாள் எல்லாப் பையன்களும் அழுவார்கள், அல்லது பெரிய ஆள் மாதிரி நடந்துகொள்வார்கள். இவன் இரண்டும் செய்யவில்லை. கையில் கொடுத்த சுத்தியலையும் கயிற்று வளையத்தையும் எடுத்துக்கொண்டு நேராக மேஸ்திரியிடம் போனான்.

"இதை எப்படிப் புடிக்கோணுமுங்க?" என்று கேட்டான்.

மேஸ்திரி சிரித்துவிட்டார். அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கன்னடத்தில் திட்டிக்கொண்டே உட்கார்ந்து செய்து காட்டினார். கல்லை வளையத்துக்குள் வைத்து, இடது கையால் வளையத்தை அழுத்திக்கொண்டு, சுத்தியலை ஓங்காமல் அதன் கனத்திலேயே விழவிட வேண்டும். ஓங்கி அடித்தால் சாயங்காலத்துக்குள் தோள் போய்விடும். வளையம் இல்லாமல் அடித்தால் சில்லு கண்ணுக்கு வரும். நான் அங்கே போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஓங்கித்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் குணம் அதுதான். எதையும் எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்பான், சொன்னபடி செய்வான். கம்பளியை எப்படி மடிக்க வேண்டும், ஆபீசர் வரும்போது எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், குளிக்கத் தண்ணீர் எத்தனை செம்பு. களி உருண்டையை எப்படி மெல்லாமல் விழுங்குவது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தான். பிரம்படி விழும்போது கையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மண்டியிடம் போய்க் கேட்டான். விறைத்துக்கொண்டால் எலும்பில் படும், தளர்த்திவிடு என்று மண்டி சொன்னான். அடுத்த முறை அடி வாங்கும்போது அவன் கை துணி மாதிரி தொங்கியது. மேஸ்திரிக்கே அடிக்க ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மண்டி அவனை விடமாட்டான். "ஏ கொள்ளேகாலு, சாவறது எப்படின்னும் மேஸ்திரிகிட்ட இப்பவே கேட்டு வெச்சுக்கோ மாராயா, அப்புறம் அவர் லீவுல போயிட்டா கஷ்டம்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். இவனும் சிரிப்பான். அதில் தவறாக ஒன்றும் இல்லை என்கிற மாதிரி.

ஒரே மாதத்தில் அவன் அங்கேயே பிறந்தவன் போல ஆகிவிட்டான். எங்களுக்கெல்லாம் வீட்டு ஞாபகம் வரும், கல் தவறி விரலில் படும். அவன் விரலில் ஒரு நாளும் பட்டதில்லை. அதைப் பார்க்க எனக்குச் சில சமயம் பயமாக இருந்தது. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை, இப்போதும் சரியாகத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்றுதான் அவனுக்கு வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் எங்களைக் குளிக்கவைத்து ஆபீஸ் முன்னால் வரிசையாக நிறுத்துவார்கள். ஆபீசர் நாற்காலியில் பேரேட்டோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவனாக முன்னால் போய், கையைக் கட்டி, "தப்பாயித்து ஸ்வாமி" என்று சொல்ல வேண்டும். நான் செய்தது தப்பு என்று அர்த்தம். அவர் ஒரு கோடு போடுவார், அடுத்தவன் போவான். எழுபது பேருக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகாது. வருஷம் ஒரு முறை மகாராஜாவின் வர்தந்தி, அதாவது பிறந்தநாள், வரும். அன்று சில பையன்களைத் தண்டனை முடிவதற்கு முன்பே விட்டுவிடுவார்கள். அந்தப் பட்டியலில் பெயர் வர வேண்டுமானால் கோடு விழுந்திருக்க வேண்டும்.

நான் நிஜமாகவே திருடியவன். சைக்கிள் விளக்குகளைக் கழற்றி விற்றேன், பிடித்துவிட்டார்கள். முதல் சனிக்கிழமையே சொல்லிவிட்டேன். பிறகு அது தொண்டையைக் கனைப்பது போல ஆகிவிட்டது.

இவனும் சொன்னபடியெல்லாம் செய்வான். முன்னால் போவான், கையைக் கட்டுவான், சரியான தூரத்தில் நிற்பான். பிறகு, "நான் எடுக்கலீங்க சாமி" என்பான். எதிர்த்துப் பேசுகிற குரலே அல்ல. தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று சொல்லுகிற குரல். ஆபீசர் பேனாவை மூடுவார். அன்று ராத்திரி அவனுக்குக் களி கிடையாது. ஐப்பசியில் வந்தவன், வைகாசி வரைக்கும் ஒரு சனிக்கிழமைகூட ராத்திரியில் அவன் சாப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைக் கஞ்சிக்கு முதலில் போய் உட்காருவான், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் சொன்னபடி கேட்கிறாயே, இதை மட்டும் ஏன் செய்யமாட்டேன் என்கிறாய் என்று ஒரு தடவை கேட்டேன்.

"செய்யமாட்டேன்னு இல்ல ரயிலு. எடுக்காததை எடுத்தேன்னு எப்படிச் சொல்றது? அது எனக்குத் தெரியலையே" என்றான்.

எதை எடுத்ததாக அவன்மேல் சொன்னார்கள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கொள்ளேகாலிலிருந்து பட்டுப்புடவைக் கட்டுகளோடு வந்து தேவராஜ மொஹல்லாவில் ஒரு பட்டுக்கடையில் வேலைக்கு நின்றிருந்தான். ஆயுத பூஜைக்கு முதல் நாள் கடைக்கு ஒரு பெட்டி ஜரிகை வந்தது. பூஜை முடிந்து பார்த்தால் பெட்டி இல்லை. இவன் கடைக்குள் படுக்கிறவன், வேற சீமைக்காரன், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதுவே போதுமானதாக இருந்தது.

பெட்டி எங்கே இருந்தது என்பது எனக்கு எத்தனையோ வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் கடையில் மூட்டை தூக்கிய ஒருவர் எங்கள் ஷெட்டுக்கு வருவார். ஒரு நாள் வேடிக்கையாக அதைச் சொன்னார். அந்தக் கடையில் புது ஜரிகையை லட்சுமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிடாமல் பிரிக்கமாட்டார்களாம். பெரிய முதலாளி தம் கையாலேயே பெட்டியைப் பூஜை அலமாரியில் ஏற்றியிருக்கிறார். ஆயுத பூஜைக்காகத் தராசு, கஜக்கோல், கணக்குப் புத்தகம் எல்லாம் அதன் முன்னால் வந்து சேர்ந்தன. பெட்டி நகர்ந்து படத்துக்குப் பின்னால் போய்விட்டது. பூஜை முடிந்ததும் மற்றவற்றை எடுத்தார்கள். வயதானவர், தாம் வைத்ததையே மறந்துவிட்டார். சாமி படத்தை இடையில் யாரும் அசைக்கமாட்டார்கள். அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குப் படத்தை இறக்கித் துடைக்கும்போது பெட்டி இருந்தது, மேலே காய்ந்த பூவும் குங்குமமுமாக.

"லட்சுமிகிட்டவே இருந்துச்சுன்னு எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. மொதலாளி அன்னிக்கி எல்லாருக்கும் கேசரிபாத் வாங்கிக் கொடுத்தார்" என்றார்.

"அந்தப் பையன்?" என்று கேட்டேன்.

"எந்தப் பையன்?" என்றார்.

திரும்பப் பட்டறைக்கு வருகிறேன். ஒரு பையன் ஒரு நாளைக்கு ஒரு மரப்பெட்டி நிறைய ஜல்லி உடைக்க வேண்டும். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், பெட்டி பாதிகூட நிறையவில்லை. மேஸ்திரி அந்தப் பக்கம் போன நேரத்தில் இவன் தன் பெட்டியிலிருந்து இரண்டு கூடை அள்ளி என் பெட்டியில் கொட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான். சாயங்காலம் மேஸ்திரி அளக்க வந்தார். என் பெட்டி சரியாக இருந்தது. உன்னுடையது ஏன் குறைகிறது என்று இவனைக் கேட்டார்.

"ரயிலு பெட்டியில போட்டேனுங்க" என்றான்.

இரண்டு பேருக்கும் ஆறு ஆறு விழுந்தது. என் முறை வந்தபோது, "கையத் தளத்தி வுடு, தளத்தி வுடு" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ராத்திரி படுத்த பிறகு சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதன் அவன்தான்.

வைகாசியில் அவன் அம்மா வந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க விடுவார்கள், ஆனால் அவனைப் பார்க்க அதுவரை யாரும் வந்ததில்லை. நரசீபுரம் வழியாக பஸ்ஸில் வந்து, மைசூரிலிருந்து நடந்தே வந்திருந்தாள். கொண்டுவந்த கடலை உருண்டையில் பாதியைக் கேட்டில் இருந்த சேவகன் எடுத்துக்கொண்டான். அன்று எனக்குத் தண்ணீர் முறை, கிணற்றடிக்கும் அவர்கள் நின்ற இடத்துக்கும் பத்தடிகூட இராது. அவள் முதலில் அவன் கையைப் பிடித்து உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு ஆடு ஒன்று குட்டி போட்டதைச் சொன்னாள். பிறகுதான் அதைச் சொன்னாள்.

"எடுத்திருந்தீன்னா குடுத்துரு சாமி. அப்பன் சந்தைக்கே போறதில்ல."

"நான் எடுக்கலீம்மா."

"செரி கண்ணு, எடுக்கல." மிச்சமிருந்த கடலை உருண்டையை அவன் கையில் வைத்தாள். "ஆனா குடுத்துரு."

அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றான். சேவகன் நேரமாகிவிட்டது என்றான். அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனாள். முகத்தில் ஜல்லித் தூசி தவிர ஒன்றும் இல்லை. திரும்பி வந்து வளையத்தை எடுத்து உடைக்க உட்கார்ந்தான். அன்றும் பெட்டி நிறைந்தது.

மறுநாள் கை கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ரயிலு, சனிக்கிழம நீங்கெல்லாம் சொல்றீங்கல்ல. அதை எப்படிச் சொல்லோணும்?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னிடம் அதுவரை யாரும் எதையும் கற்றுக்கொள்ள வந்ததில்லை. வர்தந்திக்கு இன்னும் நாட்கள் இருந்தன, அவன் பெயரும் பட்டியலில் ஏறிவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரம் கிணற்றடியில் சொல்லிக்கொடுத்தேன். தலையை ரொம்பக் குனியாதே, நடிக்கிறாய் என்று நினைப்பார். அவர் பேனாவைப் பார், கண்ணைப் பார்க்காதே. சொல்லி முடித்ததும் உடனே திரும்பாதே, கோடு போடுகிற வரை நில். அவன் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே தண்ணீர் இறைத்தான். முதல் இரண்டு நாள் அவனுக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. வியாழக்கிழமை சரியாக வந்துவிட்டது.

"சொன்னா வுட்டுருவாங்களா?" என்று கேட்டான்.

விட்டுவிடுவார்கள் என்றேன்.

"வேற ஒண்ணும் கேக்கமாட்டாங்களா?"

"ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்றேன்.

என்னிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. ஏனென்றால் என்னைப் பிடித்தபோது விளக்குகள் என் பையில் இருந்தன. மண்டி எடுத்த பர்ஸ் மண்டியின் கையிலேயே இருந்தது. மற்றவர்கள் எடுத்ததைத் தின்றுவிட்டு வந்தவர்கள். எங்கள் யாரிடமும் கேட்க மிச்சம் எதுவும் இல்லை. உண்மையாகவே திருடியவன் ஒருவன் சொல்லிக்கொடுக்கிற பாடம் அவ்வளவுதான் இருக்கும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை அவன் முறை வந்தது. போனான், கையைக் கட்டினான், பேனாவைப் பார்த்தான். "தப்பாயித்து ஸ்வாமி" என்றான். நான் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது, ஒரு பிசகு இல்லை.

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கு நிஜமாகவே மகிழ்ச்சி. எத்தனை மாதம் ஆயிற்று, இப்போதாவது புத்தி வந்ததே என்று கன்னடத்தில் பாராட்டினார். கோட்டைப் போடப் போனவர் நிறுத்தி, சாதாரணமாக, சரி, பெட்டியை எங்கே வைத்தாய் என்று கேட்டார்.

அவன் வாயைத் திறந்தான். பிறகு கட்டிய கையை அவிழ்க்காமல் உடம்போடு திரும்பி, வரிசையில் நின்ற என்னைப் பார்த்தான்.

காட்டிக்கொடுக்கிற பார்வை அல்ல அது. மேஸ்திரியிடம் சுத்தியலைக் கொண்டுபோய் நின்றபோது எப்படிப் பார்த்தானோ அப்படித்தான். நான் எனக்கு முன்னால் நின்றவனுடைய குதிகாலைப் பார்த்தேன். அவன் காத்திருந்தான். எழுபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியலீங்க சாமி" என்றான் கடைசியில்.

ஆபீசர் மூன்று முறை கேட்டார், ஒவ்வொரு முறையும் குரல் ஏறியது. பிறகு என்னைக் கூப்பிட்டு, உன்னிடம் ஏதாவது சொல்லியிருக்கிறானா என்று கேட்டார். இல்லை ஸ்வாமி என்றேன். அது பொய் இல்லை. அவர் பேரேட்டில் வெகுநேரம் எழுதினார். எடுத்ததை ஒப்புக்கொண்டுவிட்டான், எங்கே என்று சொல்ல மறுக்கிறான், ஆகவே வீட்டுக்காரர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று கொள்ளேகால் போலீஸுக்குக் கடிதம் போயிற்று. ஆபீஸ் கூட்டுகிற முறை மண்டிக்கு, அவன்தான் கேட்டுவந்து சொன்னான். சொல்லும்போது அவன் வழக்கம்போலக் கேலி எதுவும் செய்யவில்லை. அதுவரை கொள்ளேகால்மேல் இருந்தது சந்தேகம். இப்போது அவனே சொன்னது.

அவனைத் தனிக் கொட்டடியில் போட்டார்கள். பகலில் மட்டும் வெளியே விட்டு, பெரிய பையன்களோடு பாறை பிளக்கிற பக்கம் அனுப்பினார்கள். அங்கே எப்படி உளி பிடிக்க வேண்டும் என்று கேட்டானா, எனக்குத் தெரியாது. எப்போது அவனை விடுதலை செய்தார்கள், ஹனூர் வீட்டைச் சோதனை போட்டார்களா, அதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவில்லை.

வர்தந்திக்கு முதல் நாள் பட்டியலை ஒட்டினார்கள். ஆறு பெயர், அதில் என் பெயரும் இருந்தது. அன்று சாயங்காலம் களித்தட்டுகளைக் கொண்டுபோகிற முறை எனக்கு. கொட்டடிக் கம்பிக்கு அடியில் அவன் தட்டைத் தள்ளினேன். இன்னும் வெளிச்சம் இருந்தது.

"எங்க வெச்சேன்னு சொல்லோணும் ரயிலு? நீ சொல்லு, நான் அப்படியே சொல்லிப்போடறேன்" என்றான்.

எந்த இடத்தைச் சொன்னாலும் அங்கே போய்ப் பார்ப்பார்கள், இருக்காது என்றேன்.

"அப்ப எடுக்கலைன்னே சொல்லிப்போடட்டுமா?"

இனிமேல் அதை யாரும் நம்பமாட்டார்கள் என்றேன்.

அவன் களியைக் கிள்ளி விரலில் வைத்துக்கொண்டு யோசித்தான். "நீ போயிச் சொல்றியா? நீதான் சொல்லிக்குடுத்தேன்னு. நீ சொன்னா நம்புவாங்கல்ல."

கோபமாகக் கேட்கவில்லை. ஒரு வேலையை யார் செய்தால் சரியாக வரும் என்று கேட்பது போலக் கேட்டான். நம்புவார்கள் என்றுதான் எனக்கும் பட்டது. ஆபீசரை ஏமாற்ற ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று ஆகும், பட்டியலில் என் பெயர் நிற்காது, இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் நான் உள்ளே இருக்க வேண்டும். இதெல்லாம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே எனக்குத் தெரிந்தது.

"காலைல சொல்றேன்" என்றேன்.

"காத்தால ஆபீசர் எத்தனை மணிக்கு வருவாரு?"

"எட்டு மணிக்கு."

"செரி" என்று சாப்பிட ஆரம்பித்தான்.

மறுநாள் எட்டு மணிக்கு ஆபீசர் வந்தார். விசேஷ நாளானதால் பட்டறைக்கு விடுமுறை. எங்கள் ஆறு பேரையும் நிறுத்திப் பெயர் படித்தார், என் பெயர் நான்காவது. ஆளுக்கு ஒரு புதுத் துண்டும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்தார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஒவ்வொருவனையும் கேட்டார். என்னையும் கேட்டார். இல்லை ஸ்வாமி என்றேன். கேட்டுக்கு வெளியே அப்பா நின்றிருந்தார். பத்தரை மணிக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.